பஞ்சுத் தூசியும் உலோக நுரையும்: விசிறியில்லாக் குளிர்விப்பின் வரலாறு

மின்னணுக் கருவியில் தோன்றும் வெப்பத்தை விசிறியின்றி, சூடான காற்று தானே மேலெழும் இயல்பைக் கொண்டு வெளியேற்றுவது இயற்கை வெப்பச்சலனக் குளிர்விப்பு ஆகும். வெப்பத்தை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகப் பாகம் ஹீட் சிங்க் எனப்படுகிறது. பஞ்சுத் தூசி நிறைந்த திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் இம்முறைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

திருப்பூரின் தேவை

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவை வட்டாரத்தில் பஞ்சாலைகள் பெருகின. அவற்றின் நூலைக் கொண்டு வளர்ந்த திருப்பூர் பனியன் தொழில், 1970களின் இறுதியிலிருந்து ஏற்றுமதியிலும் இறங்கியது. பின்னாளில் இயந்திர மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்த இன்வெர்ட்டர் டிரைவுகள் வந்தன. டிரைவுக்குள் செல்லும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு வெப்பமாகிறது. அதை வெளியேற்றும் விசிறி, காற்றோடு பஞ்சையும் இழுத்து ஹீட் சிங்க் தகடுகளிடையே அடைத்துவிடுகிறது. சூடு எல்லை மீறினால் டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும், உற்பத்தியும் நிற்கும். தேங்கிய பஞ்சால் தீ அபாயமும் உண்டு.

தகட்டிலிருந்து நுரைக்கு

சூடான பொருள் குளிரும் விதத்தை 1701இல் நியூட்டன் விளக்கினார். வெப்பச்சலனம் எந்நிலையில் தொடங்கும் என்பதை 1916இல் ரேலே கணக்கிட்டார். தகடுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை 1942இல் எலென்பாஸ் ஆராய்ந்தார். தகடுகள் நெருங்கினால் காற்று தடைபடும். விலகினால் பரப்பு குறையும்.

அலுமினியத்துக்குள் பாதரசத்தை ஆவியாக்கி உலோக நுரை செய்யும் முறைக்கு 1948இல் சாஸ்னிக் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் உருவான திறந்த துளை நுரையில் 90 சதவீதத்துக்கு மேல் வெற்றிடம்தான். சிறிய கட்டிக்குள் மிகப் பெரிய பரப்பு கிடைக்கிறது. ஆனால் நுண்துளைப் பொருள் பாய்மத்தை எவ்வாறு தடுக்கிறது என்பதை 1856இலேயே டார்சி காட்டியிருந்தார். சூடான காற்றின் மெல்லிய எழுச்சி அந்தத் தடையை வெல்ல வேண்டும். மேலும், தூய அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 237 வாட். இத்தகைய நுரையில் அது ஏறத்தாழ 10க்கும் கீழ். எனவே கட்டியைத் தடிமனாக்கினாலும் வெப்பம் அதன் மறுமுனை வரை சரியாகச் சென்று சேராது.

பஞ்சு விதிக்கும் வரம்பு

பின்னல் கூடத்தில் திறந்தவெளியில் வைக்கப்படும் நுரை, வடிகட்டியைப் போலப் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். தகடுகளின் இடைவெளியைத் தூரிகையாலோ அழுத்தக் காற்றாலோ சுத்தம் செய்யலாம். நுரையின் உட்துளைகளுக்குள் சிக்கிய இழையை எடுப்பது கடினம். ஆகவே தூசி புகாதபடி மூடிய பெட்டியின் உட்புறத்துக்கே நுரை பொருந்தும். வெளிச்சுவருக்கு, அகன்ற இடைவெளியுடன் செங்குத்தாக நிற்கும் தகடுகளே ஏற்றவை. பரப்பின் அளவை மட்டும் பார்த்து இங்கு ஹீட் சிங்கைத் தேர்ந்தெடுக்க முடியாது. பல மாதம் பஞ்சு படிந்த பிறகும் காற்றுக்கு வழிவிடுகிறதா என்பதே அதன் தகுதியைத் தீர்மானிக்கிறது.