ஒரு சொல்லால் மூண்ட போர்



எத்தியோப்பியா என்றதும் பஞ்சத்தில் மெலிந்த குழந்தைகளின் படமே பலர் மனத்தில் எழுகிறது. 1984ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய படம் அது. பணி ஓய்வுக்குப் பின் அந்நாட்டைக் காண நான் புறப்பட்டபோது, "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டவர்களே மிகுதி.

தலைநகரான அடிஸ் அபாபாவில் எனக்கு முதலில் வியப்பளித்தது காலக் கணக்கு. நாம் காலை 7 மணி என்பதை அவர்கள் 1 மணி என்கின்றனர். பொழுது விடிவதிலிருந்து எண்ணுகின்றனர். சூரியோதயம் முதல் நாழிகை எண்ணிய நம் முன்னோர்க்கு இது விளங்கியிருக்கும். அவர்களுடைய ஆண்டுக்கு 13 மாதங்கள். ஆண்டு எண்ணும் நாம் வழங்குவதைவிட ஏழெட்டுக் குறைவு. அதைக் கொண்டு அந்நாட்டைப் பின்தங்கியது என்று நகையாடுவோர் உண்டு. கணக்கு வேறுபடுவது பின்தங்குவது ஆகாது.

அந்நகரில், புனித ஜார்ஜ் ஆலயத்தின் அருகே, குதிரைமேல் அமர்ந்த பேரரசர் இரண்டாம் மெனலிக்கின் சிலை இருக்கிறது. அவர் 1889இல் இத்தாலியுடன் வுச்சாலே உடன்படிக்கை செய்துகொண்டார். அது அம்ஹாரிக், இத்தாலியம் என இரு மொழிகளில் எழுதப்பட்டது. அதன் 17ஆம் பிரிவு, பிற நாடுகளோடு தொடர்பு கொள்ள மெனலிக் இத்தாலியின் உதவியைப் 'பெறலாம்' என்று அம்ஹாரிக்கில் கூறிற்று. 'பெறவேண்டும்' என்று இத்தாலியத்தில் பொருள்பட்டது. அந்த ஒரு சொல்லைக் காட்டி, எத்தியோப்பியா தன் பாதுகாப்பில் உள்ள நாடு என்று இத்தாலி ஐரோப்பாவுக்கு அறிவித்தது. மெனலிக் அதனை ஏற்க மறுத்தார். போர் மூண்டது. 1896 மார்ச்சு 1ஆம் நாள் அத்வா மலைப் பகுதியில் இத்தாலியப் படை முறியடிக்கப்பட்டது. பேரரசி தைத்துவும் தம் படையுடன் அக்களத்தில் இருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாவின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியை ஐரோப்பியர் பங்கிட்டுக்கொண்ட காலத்தில் நிகழ்ந்தது இது.

அந்நாட்டின் துயரங்கள் பொய்யல்ல. பஞ்சம் உண்மை; 1936 முதல் 1941 வரை இத்தாலியின் பிடியில் இருந்ததும் உண்மை; 2020 முதல் 2022 வரை திக்ரே பகுதியில் நடந்த கொடிய போரும் உண்மை. ஆயினும் துயரத்தை மட்டும் அறிந்தவர் அந்நாட்டை அறிந்தவராகார். 'லாம்' என்பதை 'வேண்டும்' என்று மாற்றியதால் ஆயிரக்கணக்கான உயிர்கள் மாண்டன. ஆகவே, எந்த நாட்டைப் பற்றி எதைப் படித்தாலும், இதை எழுதியவர் யார், அந்நாட்டார் தம் மொழியில் என்ன சொல்கின்றனர் என்று கேளுங்கள். சரித்திரம் பயில்வோர்க்கு அதுவே முதற் பாடம்.