ஆகஸ்டில் இரு போட்டிகள்: கேம் வீரர் படிப்புக்கு ஒதுங்குவது குறித்து ஒரு மறுவாசிப்பு

கணினி, கைப்பேசி விளையாட்டுகளில் பெயரெடுத்த இளைஞர் ஒருவர் “இனிப் படிப்பைப் பார்க்கப்போகிறேன்” என்று சொல்லி அணியைவிட்டு விலகினால், ஆய்வுலகம் அதற்கு வழக்கமாக இரண்டு விளக்கங்களில் ஒன்றைத் தருகிறது. ஆசியப் பெற்றோரின் பழமைப்பிடிப்பு வென்றுவிட்டது என்பது ஒன்று. ஆட்டத்தில் மேலே போக முடியாதவர் மானத்தோடு வெளியேறச் சொல்லும் சாக்கு என்பது மற்றது. இவ்விரண்டுக்கும் இடமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் கிழக்கிலங்கையின் ஓட்டமாவடி போன்றதோர் ஊரிலிருந்து பார்க்கும்போது, இரண்டும் ஒரே ஆவணத்தைப் புரட்டாமல் விட்டிருப்பது தெரிகிறது. அது பரீட்சைக் கால அட்டவணை.

இவ்விளக்கங்களுக்குப் பெரிதும் ஆதாரமாகக் காட்டப்படுவது, 2014 மார்ச்சில் வால்வ் நிறுவனம் இலவசமாக வெளியிட்ட ‘ஃப்ரீ டு ப்ளே’ என்ற ஆவணப்படம். 2011 ஆகஸ்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த முதலாவது ‘தி இன்டர்நேஷனல்’ டோட்டா 2 போட்டியே அதன் களம். மொத்தப் பரிசு 16 இலட்சம் டொலர். வென்ற அணிக்கு மட்டும் 10 இலட்சம். உக்ரைனின் டெண்டி, அமெரிக்காவின் ஃபியர், சிங்கப்பூரின் ‘ஹைஹை’ எனப்படும் பெனடிக்ட் லிம் ஆகிய மூவரைப் படம் பின்தொடர்கிறது. நம் விவாதத்துக்கு உரியவர் மூன்றாமவர். அவருக்குப் பரீட்சையும் போட்டியும் மோதின. அவர் போட்டிக்குப் போனார். அவரது அணி மூன்றாம் இடம் பெற்றது.

இந்தப் பகுதியைத்தான் ‘குடும்பம் எதிர் கனவு’ என்று வாசித்திருக்கிறார்கள். படம் அப்படி வாசிக்கத் தூண்டுகிறது என்பது உண்மை. வீடு, பெற்றோரின் மனத்தாங்கல், பிரிந்துபோன காதல் எனக் கமரா நெடுநேரம் தங்குவது உணர்ச்சியின் பக்கத்தில். பரீட்சையோ கதைக்கு வேண்டிய ஓர் இடையூறாக மட்டும் வந்துபோகிறது. அந்த நாளில் அந்தப் பரீட்சை ஏன் வந்தது, அந்த நாளில் போட்டியை யார் வைத்தார்கள் என்ற கேள்விக்குப் படம் போகவில்லை. போகாததில் வியப்பும் இல்லை. படத்தை எடுத்த நிறுவனமே விளையாட்டின் சொந்தக்காரர். போட்டியின் திகதியைக் குறித்தவரும் அவரே. தன் நாட்காட்டியைத் தானே விசாரிக்கும் கடமை அவருக்கு இல்லை. ஆய்வாளருக்கு இருந்தது. ஒரு நிறுவனம் தன் போட்டியைப் பற்றித் தானே எடுத்த படத்தைக் குடும்ப வரலாற்றுச் சான்றாக அப்படியே ஏற்றுக்கொண்டது மூலத்திறனாய்வின் அரிச்சுவடியை மறந்த செயல் என்றே கருதுகிறேன்.

நாட்காட்டியைப் பார்ப்போம். 2011 முதல் 2019 வரை நடந்த ஒன்பது ‘இன்டர்நேஷனல்’ போட்டிகளில் 2014 ஆம் ஆண்டுக்குரியது ஜூலையில் முடிந்தது. 2012 ஆம் ஆண்டுப் போட்டி ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி செப்டெம்பருக்குள் நீண்டது. ஏனைய ஏழும் ஆகஸ்டில் முடிந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது கோடை விடுமுறை. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மாதம். இலங்கையில் அதே ஆண்டுகளில் ஆகஸ்ட் என்றால் க.பொ.த. உயர்தரப் பரீட்சை. கொலோனில் முதலாவது போட்டி நடந்த அதே மாதம் நம் பிள்ளைகள் எழுதிய பரீட்சை சாதாரணமான ஒன்றுமல்ல. புதிய, பழைய பாடத்திட்டங்களில் தோற்றியோரைச் சேர்த்துக் கணித்த, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி உயர் நீதிமன்றம் வரை போய், 2012 இல் செல்லாததாக்கப்பட்டு, மீண்டும் கணிக்கப்பட்டது. மேற்கத்திய மாணவன் ஒருவன் ஆகஸ்டில் போட்டியிட்டபோது அவன் தியாகம் செய்தது ஒரு விடுமுறையை. கிழக்கிலங்கை மாணவன் அதையே செய்திருந்தால் இழந்திருப்பது ஓர் ஆண்டை, சில வேளை பல்கலைக்கழகத்தையே. இந்த வேறுபாட்டுக்குப் ‘பெற்றோர் மனப்பான்மை’ என்று பெயர் வைப்பது எளிது. எளிது என்பதாலேயே அது நிலைத்துவிட்டது போலும்.

கொலோன் மேடைக்கும் ஓட்டமாவடிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். உச்சப் போட்டி எந்த மாதத்தில் நிற்கிறதோ, அதற்கான தகுதிகாண் சுற்றுகளும் அணிமாற்றங்களும் அந்த மாதத்தை நோக்கியே அடுக்கப்படுகின்றன. மேலே போக நினைப்பவர் எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஓட்டத்தோடுதான் ஓட வேண்டும். இந்த ஆட்சேபத்துக்கு இவ்வளவு போதும்.

வலுவான ஆட்சேபம் வேறு. 2020 க்குப் பின் இரு நாட்காட்டிகளும் குலைந்துவிட்டன. சர்வதேசப் போட்டி செப்டெம்பர், ஒக்டோபருக்குப் போனது. 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் தொடங்கியது. 2023 க்குரியது 2024 ஜனவரியில். 2024 க்குரியது அவ்வாண்டு நவம்பரில். அப்படியானால் என் வாதம் பழங்கதையா? மாறாக, அதைச் சோதிக்கக் கிடைத்த வாய்ப்பு இதுவே. விலகல்களுக்குக் காரணம் பண்பாடு என்றால், பரீட்சை மாதம் மாறியபோதும் அவை ஆண்டு முழுக்கப் பரவியிருக்க வேண்டும். காரணம் பரீட்சை என்றால் அவையும் கூடவே நகர்ந்திருக்க வேண்டும். (நவம்பர் மாதம் கிழக்குக்கு எப்படிப்பட்ட மாதம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் வெள்ளத்தால் நாடெங்கும் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் காய்ந்து கிடக்கும் வாவிக்கரை ஊர்களுக்கு மாரிக்காலப் பரீட்சை தனிச்சுமை.)

அடுத்து, ‘போட்டியை விட்டுப் படிப்புக்கு’ என்ற பாகுபாடு. உயர்தரமே நாட்டின் மிகக் கடுமையான போட்டி என்பதை இந்தப் பாகுபாடு மறைத்துவிடுகிறது. ஒரு பாடத்தில் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி கண்டால் வருவது இசட் புள்ளி. நாலு தசம தானத்தில் வெட்டுப்புள்ளி நிற்கிறது. மற்றவர் எப்படி எழுதினார் என்பதே உன் பெறுமதியைத் தீர்மானிக்கிறது. கேமில் தரவரிசை இயங்குவதும் ஏறக்குறைய இப்படித்தான். பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டக் கோட்டாவுக்கு, எஞ்சிய 5 சதவீதம் மட்டக்களப்பு உள்ளிட்ட, கல்வியில் பின்தங்கியவையாகக் கொள்ளப்படும் மாவட்டங்களுக்கு. பல்கலைக்கழக அனுமதிக்காகத் தோற்றக்கூடியது மூன்று தடவை. பப்ஜி மொபைலில் ஒவ்வொரு சீசனிலும் தரம் இறங்கினாலும் மறுபடி ஏற வழி உண்டு. உயர்தரத்தில் தேர்ட் சை எனப்படும் மூன்றாம் தடவை முடிந்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

ஓட்டமாவடியில் செகண்ட் சை எழுதவிருந்த மாணவன் ஒருவன் தன் கேம் ஐடியை நண்பனிடம் ஒப்படைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். போனிலிருந்து கேமை அழித்துவிட்டுக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்தான். “றேங்க் இறங்காமப் பாத்துக்க மச்சான், சோதின முடிய நான் எடுக்கிறன்” என்பதுதான் அவன் சொன்னது. உம்மா வாப்பாவின் கெடுபிடி பற்றி ஒரு சொல் இல்லை. தோற்றுப்போனவனின் பேச்சும் அல்ல அது. ஒரேயொரு சம்பவத்தில் பெரிய முடிவு எதையும் ஏற்றிவைக்க மாட்டேன். ஆனால் திரும்பி வருவதற்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறவனை ‘விலகியவன்’ என்ற நிரலில் எழுதும் ஆய்வு எங்கோ தவறுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

திரும்பிவரும் வாசல் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் அந்தந்த விளையாட்டின் அமைப்பைப் பொறுத்தது. சதுரங்கம் இதை நன்கு காட்டும். சீனாவின் ஹோ யிஃபான் 2010 இல், 16 வயதில், உலக மகளிர் சாம்பியன் ஆனார். பீக்கிங் பல்கலைக்கழகத்தில் படித்தார். ரோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று 2018 இல் ஒக்ஸ்ஃபோர்ட் போனார். 2020 இல் ஷென்ஜென் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்த ஆண்டுகளில் எப்போதாவதுதான் ஆடினார். ஆனாலும் மகளிர் தரவரிசையில் முதலிடம் அவரிடமே இருந்தது. சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் முறையில் ஆடாதவரின் புள்ளி தானாகக் குறைவதில்லை. அவர் மேதை, அதனால் முடிந்தது என்பார்கள். மேதைமை இருக்கட்டும்; புள்ளியைக் காத்துவைத்தது விதி.

நம் நாட்டில் விதி எப்படி? படிப்புக்கு அப்பாற்பட்ட துறைகளில் தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு சிறப்பு அனுமதி வைத்திருக்கிறது. அதற்கும் உயர்தரத்தில் சித்தி வேண்டும். ஆக, கேமில் எவ்வளவு உயர்ந்தவனும் பரீட்சை மண்டபத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்துக்குப் போகும் வழியும் அதுவே.

எனவே ஆய்வாளரிடம் ஒரு வேண்டுகோள். விலகியவரிடம் ஏன் விலகினீர்கள் என்று கேட்பதற்கு முன், அவர் விலகிய திகதியைப் பரீட்சைத் திணைக்களத்தின் கால அட்டவணைக்குப் பக்கத்தில் வையுங்கள். போட்டி நடத்துவோரிடம் இன்னொன்று: உயர்தர மாதத்திலும் அதற்கு முந்திய இரண்டு மாதங்களிலும் பாடசாலை வயதினருக்கான சுற்றுகளை வைக்காதீர்கள், பரீட்சைக்காக ஒதுங்கியவரின் தரத்தை ஓராண்டுக்கு அப்படியே நிறுத்திவையுங்கள். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.