மதுவும் மணித்தியாலமும்: சாரதியின் காத்திருப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மது அருந்திய ஒருவர் எத்தனை மணித்தியாலங்களின் பின்னர் வாகனஞ் செலுத்தலாம் என்னும் வினா இன்று வெகு சாதாரணமாகக் கேட்கப்படுகின்றது. ஆயின், இவ்வினா பொருளுடையதாவதற்கு முன்னர் மூன்று உண்மைகள் நிலைநாட்டப்பட வேண்டியிருந்தன. உடலினுட் சென்ற மதுசாரம் அங்கேயே அழிகின்றது என்பது ஒன்று. அவ்வழிவு ஓரளவு ஒழுங்கான வேகத்தில் நிகழ்கின்றது என்பது மற்றொன்று. எஞ்சியிருக்கும் அளவைச் சில துளி குருதியிலிருந்தே கணிக்கலாம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் தெளிவாவதற்கு ஐரோப்பிய விஞ்ஞானத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அவற்றைச் சட்டம் ஏற்றுக்கொள்வதற்கு மேலும் பல ஆண்டுகள் கழிந்தன. இவ்வரலாற்றை ஆராயுமிடத்து, குடித்தவன் தன் நிதானத்தைப் பற்றித் தானே கூறும் சாட்சியம் படிப்படியாக மதிப்பிழந்த கதையே இது என்பது புலனாகும்.

தொடக்கத்திற் சட்டம் கண்ணாற் கண்டதையே நம்பிற்று. 1872ஆம் ஆண்டின் இங்கிலாந்து மதுவிற்பனை அனுமதிச் சட்டம், வீதியிலே வண்டியையோ குதிரையையோ கால்நடையையோ நீராவி இயந்திரத்தையோ வெறியுற்ற நிலையில் பொறுப்பில் வைத்திருப்பவனுக்கு நாற்பது ஷில்லிங் வரையிலான தண்டமோ ஒரு மாதம் வரையிலான சிறையோ விதிக்க இடமளித்தது. மோட்டார் யுகம் பிறந்தபோதும் நோக்கு மாறவில்லை. 1897ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், ஜோர்ஜ் சிமித் என்னும் இலண்டன் வாடகை வண்டிச் சாரதி தமது மின்வண்டியை நியூ பொண்ட் வீதியிலுள்ள கட்டடமொன்றில் மோதித் தண்டம் பெற்றார். குடித்து மோட்டார் வாகனஞ் செலுத்தியமைக்காக அந்நாட்டில் முதன்முதல் தண்டிக்கப்பட்டவராக அவரே குறிப்பிடப்படுகின்றார். 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டமும், வாகனத்தை உரியவாறு கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு ஒருவர் மதுவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தாரா என்றே வினவிற்று.

இவ்வினாவுக்கு விடை காண்பது வைத்தியரின் பொறுப்பாயிற்று. பொலிஸ் நிலையத்திலே நேர்கோட்டில் நடக்கச் செய்தும், நாப்புரளக் கடினமான சொற்களைக் கூறச் செய்தும் அவர் தீர்மானித்தார். இம்முறையால் இருவகை அநீதிகள் விளைந்தன. குடிப்பழக்கத்தில் ஊறியவன் தள்ளாடாது நடந்து தப்பினான். தலைக்காயத்தாலோ நோயாலோ தடுமாறியவன் குடிகாரனென ஐயுறப்பட்டான். யூரர்களும், தாமும் விருந்துண்டு வாகனஞ் செலுத்துபவர்களாதலின், எதிரியின்பால் இரக்கங் காட்டினர்.

இதற்கிடையே ஆய்வுகூடங்களில் வேறொரு விவாதம் நடைபெற்றுக் கொண்டிருந்தது. 1860இல் பிரான்சிய அறிஞரான லலமாண், பெரன், டுறுவா ஆகிய மூவரும் மதுசாரம் மாற்றமுறாமலே உடலை விட்டு வெளியேறுகின்றது என வாதிட்டனர். ஆங்கில வைத்தியரான பிரான்சிஸ் அன்ஸ்ரி அக்கருத்தை மறுத்து, மூச்சிலும் சிறுநீரிலும் வெளிப்படுவது மிகச் சிறு பகுதியே என்று காட்டினார். எனின், எஞ்சிய பெரும்பகுதி உடலினுள்ளே மாற்றமுற வேண்டும். அது பெரும்பாலும் ஈரலிலுள்ள நொதியங்களால் ஒட்சியேற்றப்படுகின்றது என்பதை இன்று நாம் அறிவோம். அந்நொதியங்கள் சிறிதளவு மதுசாரத்துக்கே தம் முழு வலுவையும் செலவிட்டு விடுவதால், மேலும் எவ்வளவு குடித்தாலும் அழிவின் வேகம் அதற்கேற்பக் கூடுவதில்லை. 1919இல் எட்வேர்ட் மெல்லன்பி நாய்களைக் கொண்டு நடத்திய பரிசோதனைகளில், குருதியிலுள்ள மதுசாரம் ஏறத்தாழ நிலையான வேகத்திற் குறைவதைக் கண்டார். மற்றொன்றையும் அவர் அவதானித்தார். மதுசாரம் ஏறிச் செல்லும்போது காணப்படும் வெறிக்குறிகள், அது இறங்கி வருகையில் அதே அளவில் நிற்கும்போது குறைவாகவே தென்படுகின்றன. குடித்தவன் தான் தெளிந்துவிட்டதாகக் கருதும் வேளையிலும் அவன் குருதி தெளிந்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இவ்வறிவை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றவர் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் விட்மார்க் ஆவார். 1922இல் அவர் வெளியிட்ட நுண்முறைக்கு விரல்நுனியிலிருந்து எடுத்த சிறிதளவு குருதியே போதுமாயிருந்தது. அதிலிருந்து ஆவியாகும் மதுசாரம் சல்பூரிக்கமிலமும் பொற்றாசியம் இருகுரோமேற்றும் கலந்த கரைசலைத் தாக்கும். தாக்கமுறாது எஞ்சிய இருகுரோமேற்றை அளந்து மதுசாரத்தின் அளவு பெறப்படும். 1932இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த அவரது நூல், உடல் நிறை, அருந்திய அளவு, கழிந்த நேரம் ஆகியவற்றை ஒரு சமன்பாட்டில் இணைத்தது. உடலிற் மதுசாரம் பரவும் பகுதியைக் குறிக்கும் காரணியை ஆண்களுக்குச் சராசரி 0.68 எனவும் பெண்களுக்கு 0.55 எனவும் அவர் கண்டார். ஆகவே, ஒரே நிறையுடைய இருவர் ஒரே அளவு அருந்தினும் பெண்ணின் குருதியிலே செறிவு பொதுவாக உயர்ந்திருக்கும். விபத்தின் பின்னர் எடுத்த குருதியைக் கொண்டு விபத்து நேர்ந்த வேளையின் நிலையைப் பின்னோக்கிக் கணிக்கவும் இச்சமன்பாடு வழிவகுத்தது.

குருதியிலுள்ள மதுசாரம் மணித்தியாலத்துக்கு 100 மில்லிலீற்றருக்குச் சராசரி 15 மில்லிகிராம் வீதங் குறைகின்றது. ஆயினும், ஆளுக்காள் இது 10 முதல் 25 வரை வேறுபடும். நள்ளிரவில் இருவரது குருதியில் 150 மில்லிகிராம் உள்ளதெனக் கொள்வோம். காலை ஆறு மணிக்குச் சராசரி வேகமுடையவரிடம் 60 மில்லிகிராமும், மந்த வேகமுடையவரிடம் 90 மில்லிகிராமும் எஞ்சியிருக்கும். முன்னவர் முற்றாகத் தெளிவதற்குக் காலை பத்து மணியாகும். பின்னவருக்குப் பிற்பகல் மூன்று மணியாகும். இருவரும் உறங்கியெழுந்து, குளித்து, கோப்பி அருந்தியிருக்கலாம். உறக்கம் களைப்பைப் போக்கும். கோப்பி விழிப்பைத் தரும். இவற்றுள் எதுவும் ஈரலை விரைவுபடுத்துவதில்லை. தாம் எவ்வகையினர் என்பதை இவ்விருவரும் தம் உணர்வைக் கொண்டு அறியவும் முடியாது.

இவ்வெண்களைச் சட்டமாக்குவதில் நோர்வே முந்திக் கொண்டது. 1936இல் அந்நாடு குருதியில் ஆயிரத்துக்கு 0.5 பங்கு என்னும் எல்லையை விதித்தது. இது 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 50 மில்லிகிராமாகும். சுவீடன் 1941இல் 0.8 பங்கு என்னும் எல்லையை ஏற்றது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1939இல் 0.15 சதவீதத்தை வெறியின் அடையாளமாகக் கொண்டது. இது நோர்வேயின் எல்லையைப் போல ஏறத்தாழ மும்மடங்காகும். அம்மாநிலத்தைச் சேர்ந்த றொபேர்ட் போர்க்கென்ஸ்ரைன் 1954இல் மூச்சை அளக்கும் கருவியொன்றை அமைத்தார். பின்னர் கிராண்ட் றப்பிட்ஸ் நகரில் விபத்துக்குள்ளான சாரதிகளையும் ஏனைய சாரதிகளையும் ஒப்பிட்டு அவர் நடத்திய ஆய்வு, மதுசாரச் செறிவு உயர உயர விபத்து நேரும் வாய்ப்பும் செங்குத்தாக உயர்வதை 1964இல் வெளிப்படுத்திற்று. பிரித்தானியாவிலே போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசிலின் காலத்தில் நிறைவேறிய வீதிப் பாதுகாப்புச் சட்டம், 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராம் என்னும் எல்லையை 1967ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. வீதியிலே நிறுத்தப்பட்ட சாரதி ஊதிய குழாயின் மஞ்சட் பளிங்குகள் பச்சையாக மாறின. விட்மார்க்கின் குடுவையில் நிகழ்ந்ததும் இத்தகைய தாக்கமே. தனிமனித சுதந்திரம் பறிபோவதாக எழுந்த கண்டனங்கள் பலவாயினும், வீதி மரணங்கள் முதலாண்டிலேயே குறைந்தன.

எனினும், சட்டம் வகுத்த எண்ணை உடலின் பாதுகாப்பு எல்லையெனக் கொள்ளுதல் தவறாகும். அது அரசியலும் விஞ்ஞானமும் செய்துகொண்ட உடன்பாடேயாம். அதனாலன்றோ அவ்வெண் மீண்டும் மீண்டும் இறக்கப்பட்டது! சுவீடன் 1957இல் 0.5 ஆகவும் 1990இல் 0.2 ஆகவும் அதனைக் குறைத்தது. நோர்வே 2001இல் 0.2ஐ ஏற்றது, ஸ்கொட்லாந்து 2014இல் 80 மில்லிகிராமை 50 ஆக்கிற்று. மேலே கண்ட இருவருள் முதல்வர் காலை ஆறு மணிக்கு 1967ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டப்படி குற்றமற்றவர். 1936ஆம் ஆண்டின் நோர்வேச் சட்டப்படியோ குற்றவாளி. அவரது கண்ணும் கையும் இரு நாடுகளிலும் ஒரே நிலையினவே.

ஆகவே, எத்தனை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்ற வினாவுக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண்ணை வரலாறு தரவில்லை. காலத்தைத் தவிர வேறு மருந்தில்லை என்பதையும், அக்காலத்தின் நீளத்தைக் குடித்தவனின் உணர்வால் அளக்க முடியாது என்பதையுமே அது கற்பிக்கின்றது. முந்திய இரவு மிகுதியாக அருந்தியவருக்கு மறுநாட் காலையும் போதாதிருக்கலாம். வாகனஞ் செலுத்த வேண்டிய பொறுப்புள்ளவர், காத்திருப்பைக் கணக்கிடுவதிலும் அருந்தாதிருத்தலே தமக்கு மட்டுமன்றி வீதியில் எதிர்ப்படும் அறிமுகமற்ற மனிதருக்கும் செய்யும் நீதியாகும்.