புகலிடம் தந்த பேனா

அடைக்கலம் என்னும் தமிழ்ச் சொல் தஞ்சம் புகுவோரையும் குறிக்கும். அவரைக் காக்கும் கடமையையும் குறிக்கும். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் குல மூதாட்டி மாதரியிடம் ஒப்படைக்கின்றார். கோவலன் கொலையுண்ட பின்னர், ஏற்ற அடைக்கலத்தைக் காக்க இயலவில்லையே என வருந்தி மாதரி தீப்புகுந்தாள். அடைக்கலம் அளிப்பவர் அதற்குரிய விலையையும் அளிக்க நேரிடும் என்பதை அக்காப்பியம் அன்றே உணர்த்திற்று. இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அவ்விலையை அளித்தவர்களுள் ஒருவர், பால் குரூனிங்கர் என்னும் சுவிட்சர்லாந்துக் காவல் அதிகாரி.

குரூனிங்கர் 1891ஆம் ஆண்டு செயிண்ட் காலன் நகரில் பிறந்தார். ஆசிரியர் பயிற்சி பெற்றுத் தொடக்கப்பள்ளியில் கற்பித்தார். 1919இல் காவல் துறையில் சேர்ந்து, 1925இல் அம்மாநிலக் காவல் படையின் தலைவரானார். சுவிட்சர்லாந்தின் கிழக்கெல்லையில் அமைந்தது அம்மாநிலம். ரைன் ஆற்றைக் கடந்தால் மறுகரை ஆஸ்திரியா. அமைதியான அவ்வெல்லை, சில ஆண்டுகளில் உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட கோடாக மாறிற்று.

1938 மார்ச் திங்களில் இட்லரின் படை ஆஸ்திரியாவைக் கைப்பற்றியது. வியன்னா நகர யூதர்கள் தெருக்களில் இழிவுபடுத்தப்பட்டனர். வேலையும் உடைமையும் பறிக்கப்பட்டன. நாட்டைவிட்டு வெளியேறுவதே உயிர் பிழைக்கும் வழி. ஆயினும், ஏற்பவர் யார்? அவ்வாண்டு சூலையில், பிரான்சு நாட்டின் எவியான் நகரில் 32 நாடுகளின் பேராளர்கள் கூடி இதனை ஆராய்ந்தனர். இரக்கச் சொற்களுக்குக் குறைவில்லை. ஆனால், தத்தம் நாட்டின் வேலையின்மையைக் காரணம் காட்டிப் பெரும்பாலோர் கதவைத் திறக்க மறுத்தனர்.

அக்காலத்தில் புகலிடம் என்பது கோருபவரின் உரிமையன்று. அரசு விரும்பினால் தரும் சலுகை. 1938 ஆகஸ்டில் சுவிஸ் அரசு, நுழைவு அனுமதி இல்லாத அகதிகளைத் திருப்பியனுப்புமாறு ஆணையிட்டது. கடப்பிதழைக் கொண்டே யூதரை இனங்காணும் வழியொன்றையும் நாடிற்று. இதற்கென நடைபெற்ற பேச்சுகளின் முடிவில், அவ்வாண்டு அக்டோபர் முதல் செருமானிய யூதர்களின் கடப்பிதழ்களில் ‘ஜே’ என்னும் எழுத்து சிவப்பு மையில் பொறிக்கப்பட்டது. ஓர் எழுத்து ஒரு மனிதனின் தலையெழுத்தாயிற்று.

ஆணை பிறந்த பின்னும் மக்கள் வந்துகொண்டேயிருந்தனர். இரவின் இருளில் எல்லையைக் கடந்து, நனைந்த ஆடையோடு வந்து நின்றோர் பலர். திருப்பியனுப்பினால் அவர்களுக்கு என்ன நேரும் என்பதைக் குரூனிங்கர் அறிந்திருந்தார். அவர் துப்பாக்கியை ஏந்தவில்லை; மேடை ஏறி முழங்கவும் இல்லை. பேனாவை எடுத்தார். எல்லை மூடப்படுவதற்கு முன்பே வந்தவர்கள் என்று தோன்றுமாறு, நுழைந்த நாளை மாற்றிப் பதியச் செய்தார். நாள் முந்தியதாக இருந்தால் தங்கலாம். பிந்தியதாக இருந்தால் திரும்ப வேண்டும். தாளில் இட்ட ஒரு பொய், பல நூறு பேரின் உயிருக்கு அரணாயிற்று.

உண்மை வெளிப்பட்டபோது அரசு அவரை மன்னிக்கவில்லை. 1939இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார், ஓய்வூதியத்தையும் இழந்தார். நீதிமன்றம் கடமை தவறியவர் எனத் தீர்ப்பளித்துத் தண்டமும் விதித்தது. கையூட்டுப் பெற்றார் என்ற பழிச்சொல்லும் பரவிற்று. அதற்குச் சான்று ஏதும் இல்லை. முறையான வேலை கிடைக்காமல் கிடைத்த பணிகளைச் செய்து வாழ்ந்தார்; பிற்காலத்தில் மீண்டும் பள்ளியில் கற்பித்தார். 1971இல் இசுரேல் நாட்டின் யாட் வசெம் நினைவு நிறுவனம் அவரைச் சிறப்பித்தது. மறு ஆண்டே, தம் எண்பதாம் அகவையில், வறுமையிலேயே அவர் மறைந்தார். அன்றும் அவர் பெயரில் இருந்த குற்றம் நீங்கியிருக்கவில்லை.

இதற்கிடையில் உலகம் ஒரு பாடம் கற்றிருந்தது. 1951 சூலை 28ஆம் நாள், ஜெனீவாவில் அகதிகள் பற்றிய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் 31ஆம் விதி, உயிருக்கோ உரிமைக்கோ அச்சுறுத்தல் உள்ள இடத்திலிருந்து நேரே தப்பி வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் தம்மை அறிவிக்கும் அகதியை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டித்தலாகாது என்கிறது. 33ஆம் விதி, அத்தகைய இடத்திற்கு அகதியைத் திருப்பியனுப்புதலைத் தடுக்கின்றது. குரூனிங்கர் ஆணையை மீறிச் செய்ததன் சாரம், பதின்மூன்று ஆண்டுகளுக்குள் பன்னாட்டுச் சட்டமாயிற்று.

சுவிட்சர்லாந்து 1979இல் தனிப் புகலிடச் சட்டம் இயற்றியது. 1983ஆம் ஆண்டு இனக்கலவரத்திற்குப் பின், இலங்கைத் தமிழர் பலர் அந்நாட்டை அடைந்து விண்ணப்பம் செய்தனர். தமக்கு நேர்ந்ததை அதிகாரியின்முன் எடுத்துரைத்தனர். ஐயங்களுக்கு விடை கூறினர். முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். மறுக்கப்பட்டோரும் பலர். ஆயினும், ஒருவர் தம் துயரைச் சொல்லவும், அதனை அரசு கேட்டு ஆராயவும் சட்டம் இடம் தந்திருந்தது. 1938இல் ரைன் கரையில் நின்றவர்களுக்கு அதுவும் இல்லை.

1995ஆம் ஆண்டு செயிண்ட் காலன் நீதிமன்றம் பழைய வழக்கை மீண்டும் ஆராய்ந்து, குரூனிங்கரைக் குற்றமற்றவர் என அறிவித்தது. அவர் மறைந்து இருபத்து மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. பின்னர் அரசு அளித்த இழப்பீட்டைக் கொண்டு, அவருடைய வழித்தோன்றல்கள் அவர் பெயரால் ஓர் அறநிறுவனம் அமைத்தனர்.

வரலாற்றைப் பயிலும் மாணவர், ஆண்டுகளை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகின்றனர். ஒரு நாள் முன்னே, ஒரு நாள் பின்னே என்னும் வேறுபாடு சில வேளைகளில் ஓர் உயிரின் விலையாகும் என்பதையும் அவர்கள் அறிதல் வேண்டும். மாதரி தன் அடைக்கலத்தைக் காக்க இயலாமல் உயிரை விட்டாள். குரூனிங்கர் காத்தார், அதற்கு ஈடாகத் தம் வாழ்வைத் தந்தார். சட்டம் அறத்தை வந்தடையக் காலம் பிடிக்கும். அதுவரை அறத்தைச் சுமந்து நிற்பது மனிதனின் மனச்சான்றே.