அப்பாவின் பத்து இலக்கம்

அப்பாவின் போன் நம்பர் 2004-ஆம் ஆண்டு தை மாதம் பிறந்தது. சம்பா அறுத்து நெல் போட்ட கையோடு, திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் ஏர்செல் சிம் ஒன்று வாங்கினார். 9842 என்று தொடங்கும் எண். கடைக்காரர் ஓர் அட்டையின் பின்பக்கம் பத்து இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தார். கொருக்கையில் எங்கள் வீட்டு நிலைப்படிக்குப் பக்கத்துச் சுவரில் அப்பா அதைக் கரியால் பெரிதாக எழுதி வைத்தார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த ஒரு முழ இடத்தை மட்டும் விட்டுவிடுவோம்.

வருகிறவர் போகிறவர் எல்லாரும் படிக்கும்படி எழுதி வைத்த எண் அது. ஆகவே அதை ரகசியம் என்று சொல்ல மாட்டேன். அது எங்கெங்கே போனது, கடைசியில் என்னவாகத் திரும்பி வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பத்தாண்டு அது நோட்டுகளில் வாழ்ந்தது. உரக்கடை நோட்டு, டிராக்டர்காரர் நோட்டு, கூட்டுறவுச் சங்கத்துப் பேரேடு. எந்த நோட்டு யார் மேசையில் இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும். நோட்டுக்காரரின் அப்பா பெயர்கூடத் தெரியும். உரக்கடையிலிருந்து போன் வந்தால் பாக்கி கேட்க வருகிறது, டிராக்டர்காரரிடமிருந்து வந்தால் நாளைக் காலை உழவு. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு முகம் இருந்தது.

அந்த நோட்டுகளில் ஒன்றை நான் மறக்க மாட்டேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் ‘நெல்’ ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் அப்பா 2 கிலோ மாப்பிள்ளைச் சம்பா விதை வாங்கினார். இயற்கை வேளாண்மை முன்னோடி நம்மாழ்வாரின் வழிகாட்டுதலில் தொடங்கிய திருவிழா அது. 2 கிலோ விதை இலவசம், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அங்கே சட்டம். பெயர், ஊர், போன் நம்பர் எழுதிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஓர் அழைப்பு வந்தது: “ஐயா, திருவிழா வருது, விதை கொண்டாந்துடுங்க.” அவ்வளவுதான். எதற்காகக் கொடுத்தோமோ அதற்காக மட்டும் அந்த எண் பயன்பட்டது. 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர் என்று ஜெயராமனைக் கொண்டாடுகிறோம். ஒரு கடனை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதையும் அவர் வழியில் கற்றுக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றும்.

2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தது. தமிழ்நாடு முழுக்க சிக்னல் செத்துப் போய், எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள மக்கள் வரிசையில் நின்றார்கள். அப்பாவும் நின்றார். புது நம்பர் வாங்கிக்கொள்ளலாமே என்றேன். “ஊர் பூரா இந்த நம்பரத்தான் வச்சிருக்கான்” என்றார். கம்பெனி செத்தது, எண் பிழைத்தது.

அதே ஆண்டு நவம்பர் 16 விடிகாலை கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் பகுதியின் தென்னைகளையும் ஓட்டு வீடுகளையும் ஒருசேரச் சாய்த்தது. அதன் பிறகு வந்த வாரங்களில் அந்த எண் எத்தனை தாள்களில் ஏறியது என்று எண்ண முடியாது. கணக்கெடுப்புப் பட்டியல், தார்ப்பாய்ப் பட்டியல், அரிசிப் பட்டியல், எங்கிருந்தோ வேன் பிடித்து வந்த கல்லூரிப் பிள்ளைகளின் பட்டியல். யார், எந்த அமைப்பு, இந்தத் தாள் நாளை எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூரை இல்லாதவன் கேட்க மாட்டான். தேவை மிகுந்த நேரத்தில்தான் மனிதர்கள் தங்களைப் பற்றி அதிகம் எழுதிக் கொடுக்கிறார்கள். இந்தக் கதையின் சாவியே அதுதான்.

நோட்டிலிருந்து கணினிக்கு அந்த எண் ஏற்கனவே குடிபோயிருந்தது. 2017-இல் ஸ்மார்ட் ரேஷன் அட்டை வந்தபோது ஆதாரோடும் குடும்பத்தோடும் சேர்த்து அதையும் இணைத்தார்கள். இப்போது பாமாயில் வாங்கினால் அப்பாவின் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். நல்ல ஏற்பாடுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் 2021-இல் டெக்னிசாங்க்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு செய்தி வெளியிட்டது. தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகளில் 49 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஆதார் எண், குடும்ப விவரம், கைபேசி எண் ஆகியவை ஹேக்கர்கள் கூடும் தளம் ஒன்றில் ஏற்றப்பட்டிருந்தன என்றது. அந்த 49 லட்சம் பேரும் விவரத்தைக் கொடுத்தது அரிசி வாங்கத்தான்.

அப்பாவின் எண் அடிபட்டது அந்த வழியில் அல்ல. இன்னும் நெருக்கமான வழியில்.

பெல்ட் அறுவடை மிஷின் ஓட்டும் பையன் ஒருவன் இருந்தான். அறுவடைக் காலத்தில் எங்கள் வயலுக்கு அவன்தான் வருவான். அவன் போனில் அப்பா ‘கொருக்கை மாமா’. 2021 மே மாத ஊரடங்கில் வேலை இல்லை. அவன் அம்மாவுக்கு மருந்து வாங்கப் பணம் தேவைப்பட்டது. போனில் வந்த விளம்பரத்தை அழுத்தி ஒரு கடன் செயலியை இறக்கினான். 5,000 ரூபாய் கடன், 7 நாள் தவணை. ‘கட்டணம்’ போகக் கைக்கு வந்தது 3,000 சொச்சம். எட்டாம் நாள் காலை அப்பாவின் போன் ஒலித்தது.

“உங்க பேரத்தான் ஜாமீனா குடுத்திருக்கான். நீங்க கட்டுறீங்களா, இல்ல வீட்டுக்கு ஆள் அனுப்பவா?”

“நான் யாருக்கும் ஜாமீன் போடலயே தம்பி” என்றார் அப்பா. அதற்குப் பிறகு அந்தக் குரல் பேசியதை இங்கே எழுத முடியாது. அன்று மட்டும் பதினோரு அழைப்பு. அறுபத்தெட்டு வயதில், கூட்டுறவுச் சங்கத்தைத் தவிர வேறெங்கும் வட்டிக்குக் கடன் வாங்காத மனிதர், திண்ணையில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே நாளில் அந்தப் பையனின் படத்தைப் போட்டு ‘திருடன்’ என்று எழுதி, அவன் சித்தப்பாவுக்கும் மிஷின் முதலாளிக்கும் அவனுக்குப் பெண் பேசியிருந்த வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள்.

அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். வாழ்நாளில் ஒரு செயலியையும் அவர் இறக்கியதில்லை, எந்த நிபந்தனைக்கும் ‘சம்மதம்’ என்று அழுத்தியதில்லை. ஆனாலும் அவர் எண் போய்விட்டது.

போன விதம் இதுதான். ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலி உங்கள் தொடர்புப் பட்டியலைப் படிக்க வேண்டுமானால் அனுமதி கேட்க வேண்டும். இந்தச் செயலிகள் கேட்டன. மறுத்தால் கடன் இல்லை. அவசரத்தில் இருப்பவன் அழுத்துவான். அழுத்திய அந்த நொடியே முந்நூறு, நானூறு பேரின் பெயரும் எண்ணும் அவன் போனிலிருந்து எங்கோ இருக்கும் சர்வருக்கு நகலாகிவிடும். பிறகு செயலியை அழித்தாலும் நகல் அங்கேயே இருக்கும். ‘அம்மா’, ‘அண்ணி’, ‘முதலாளி’, ‘கொருக்கை மாமா’ என்று அவன் பாசத்தோடு பதிந்து வைத்த பெயர்களே, யாரைத் திட்டினால் அவனுக்கு அதிகம் வலிக்கும் என்பதற்கான வழிகாட்டியாகிவிடும்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததல்ல. 2021 ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவுப் போலீசார் பெங்களூரில் இயங்கிய ஒரு கடன் செயலிக் கும்பலைப் பிடித்தார்கள். அங்கே வசூலுக்காகவே ஒரு கால் சென்டரில் 110 பேர் வேலை பார்த்தார்கள். சீன நாட்டவர் இருவரும் கைதானார்கள். அதே மாதம் ரிசர்வ் வங்கி ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு 81 செயலிக் கடைகளில் சுமார் 1,100 கடன் செயலிகளைக் கண்டது, அவற்றில் 600 சட்டவிரோதமானவை என்றது. இந்த மிரட்டல்களால் நாடெங்கும் தற்கொலைகள் நடந்தன.

அடமானம் என்றால் என்ன என்று எங்கள் வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தோட்டை வைக்கலாம், பத்திரத்தை வைக்கலாம், குறுவைக்கு வைத்ததைச் சம்பாவில் மீட்கலாம். ஆனால் அடுத்தவன் வயலை நான் அடமானம் வைக்க முடியாது. வைத்தால் அது மோசடி, தெரிந்தே வாங்கினால் வாங்கியவனும் குற்றவாளி. அப்பாவின் எண் அந்தப் பையனுடைய சொத்து அல்ல. அதைக் கொடுக்கச் சம்மதிக்கும் உரிமையும் அவனுக்கு இல்லை. இது தெரிந்தே அந்தச் செயலியை உருவாக்கினார்கள். கடனாளியின் வருமானத்தைப் பார்த்துக் கடன் கொடுப்பது வங்கியின் வேலை. இவர்கள் பார்த்தது, அவனுக்கு எத்தனை பேர் முன்னால் தலைகுனிய நேரும் என்பதை. கோர்ட்டுக்குப் போனால் செலவு, அவமானத்துக்குச் செலவே இல்லை. அதுதான் இதில் உள்ள லாபக் கணக்கு.

இந்த மண்ணுக்கு அந்தக் கணக்கு புதிது அல்ல. கீழத் தஞ்சைப் பண்ணைகளில் கூலியாட்களுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. நாலு பேர் பார்க்க நடக்கும், பார்க்க வேண்டும் என்பதற்காகவே நடக்கும். கர்நாடகத்தில் பிறந்த பி. சீனிவாச ராவ் 1940-களில் இங்கே வந்து விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிப் போராடியதால்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. அவருடைய நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. மனிதனை ஊர் நடுவே சிறுமைப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, பணம் வாங்கக் கூடாது என்பதை இந்த ஊர் ரத்தம் சிந்திக் கற்றது. சவுக்கு இப்போது போனுக்குள் வந்திருக்கிறது என்று நான் சொன்னால் மிகையாக நினைக்காதீர்கள். அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன்.

சட்டம் மெதுவாக வந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்தது. கூகுள் தன் கடையில் அதே தடையை 2023 மே 31 முதல் கொண்டுவந்தது. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் தனிச் சட்டமே இயற்றியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து இன்னும் 18 மாத அவகாசம். ரிசர்வ் வங்கியின் விதி அதன் கட்டுப்பாட்டில் உள்ளவர்களையும் அவர்களுக்காக இயங்கும் செயலிகளையும்தான் கட்டுப்படுத்தும். கூகுள் கடைக்கு வராமல் லிங்க்கில் வரும் செயலியை கூகுளின் தடை எட்டிப் பிடிக்காது.

நான் அதிகம் யோசிப்பது வசூல்காரனைப் பற்றி அல்ல. ‘பட்டியலைப் படி’ என்ற அந்த வரியை எழுதியவரைப் பற்றி. எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில், நல்ல சம்பளத்தில், யாரோ ஒரு பொறியாளர் அதை எழுதினார். இன்னொருவர் சரிபார்த்தார். ஒருவர் நிறமும் எழுத்தும் தேர்ந்து, அனுமதிக்கு முன்னால் வரும் அந்தத் திரையை அழகாக்கினார். அவர்களில் யாரும் யாரையும் திட்டவில்லை. ஆனால் கடன் கொடுக்க எதற்கு அண்ணியின் நம்பர் என்ற கேள்வி அந்த மேசையில் எழாமல் இருந்திருக்க முடியாது. எழுந்தும் எழுதினார்கள் என்றால், அந்தப் பதினோரு அழைப்பில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

காவிரி டெல்டாவின் ஒவ்வொரு ஊரிலிருந்தும் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் இந்த வேலைக்குத்தான் போயிருக்கிறார்கள். நிலத்தை விற்றுப் படிக்க வைத்த பிள்ளைகள். அவர்களிடம்தான் கேட்கிறேன். நீங்கள் உருவாக்கும் செயலி ஒருவரின் போனிலிருந்து எதை எடுக்கிறது, எதற்கு எடுக்கிறது என்று உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். வேலைக்குத் தேவையில்லாததை எடுக்கச் சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள். சொன்னால் வேலை போகலாம் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். அந்தப் பட்டியலில் உங்கள் அப்பாவின் எண்ணும் இருக்கிறது.

அப்பா நம்பரை மாற்றவில்லை. சுவரில் கரியால் எழுதியதை மட்டும் அடுத்த பொங்கலுக்கு அவரே வெள்ளையடித்து மறைத்துவிட்டார்.