பச்சை எழுத்தும் பிழைப் பொறுப்பும்

தாளில் நேர்ந்த எழுத்துப் பிழையை அடித்துத் திருத்தலாம். கல்லில் நேர்ந்ததைக் கொத்தி அழிக்கலாம். மெய்யில் ஊசியாற் பதிந்த பிழையோ, அதனைச் சுமப்பவனோடு உண்டு, உறங்கி, உடன் முதுமை எய்துவது. தன் தோளில் ‘அறம்’ என்று பொறிக்க விரும்பிய ஒருவன், ஓரெழுத்து மாறியமையால் ‘அரம்’ என்று பொறிக்கப்பெறுவானாயின், அறத்தைத் தாங்க வேண்டிய தோள் இரும்பு அராவும் கருவியின் பெயரைத் தாங்கி நிற்கும். அப்பிழைக்கு விடை கூற வேண்டியவர் யாவர்? வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் தமிழர் ஒருவர் இன்று இவ்வினாவை எழுப்பின், அவருக்கு விடை தரும் சட்டம் எங்குத் தோன்றி எவ்வழியாகக் கொழும்பை அடைந்தது என்பது ஆராய்தற்குரியது.

தமிழரிடையே பச்சை குத்துதல் பழைய வழக்கமாகும். ஊர்தோறும் சென்று அதனைத் தொழிலாகச் செய்தவர் பெரும்பாலும் குறத்தியர். தேளும், கோலமும், புள்ளிக் கோவையுமே அவர்தம் ஊசியில் மிகுதியும் உருப்பெற்றன. கோலத்தில் ஒரு புள்ளி பிறழ்ந்தால் அழகு குறையுமேயன்றிப் பொருள் மாறாது. எழுத்தறிவு பரவிப் பெயர்களும் சொற்களும் பொறிக்கப்பட்ட பின்னரே பிழை என்னும் இடர் தோன்றிற்று. ரகர றகரங்களும், லகர ளகர ழகரங்களும், னகர ணகரங்களும் ஒலியால் நெருங்கிப் பொருளால் விலகி நிற்கும் தமிழில் அவ்விடர் பெரிது. ‘மனம்’ ‘மணம்’ ஆவதற்கு ஒரு வளைவே போதும்.

உடலெழுத்து அரசின் கையிற் சென்ற காலமும் ஒன்றுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் வங்காளத்தில் 1797 ஆம் ஆண்டிலும் சென்னை மாகாணத்தில் 1802 ஆம் ஆண்டிலும் ஆக்கிய ஒழுங்கு விதிகளின்படி, ஆயுட்டண்டனை பெற்றோர் நெற்றியில் அவர்தம் குற்றம் முதலிய விவரங்கள் நாட்டுமொழி எழுத்திற் பச்சை குத்தப்பட்டன. இதனைக் ‘கோத்னா’ என்றனர். கடல் கடந்து நாடு கடத்தப்பட்டோர் தலைப்பாகையைத் தாழக் கட்டி அவ்வெழுத்தை மறைத்தனர். தலையெழுத்து என்று நம்மவர் உவமையாகக் கூறுவதை அவ்வரசு ஊசியால் மெய்யாக்கிற்று. தீர்ப்புப் பிழையென்று பின்னர் தெளிந்தாலும், மன்னிப்புக் கிடைத்தாலும், நெற்றி எழுத்து நெற்றியிலேயே நின்றது. 1849 ஆம் ஆண்டில் இவ்வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அழிக்கவியலாத எழுத்தை எழுதுபவர், அரசேயாயினும், அதற்குப் பொறுப்பேற்றல் வேண்டும் என்னும் நெறியை இவ்வரலாறு எதிர்மறையாகக் கற்பிக்கின்றது.

இனிக் கொழும்பிற்கு வருவோம். 1656 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இந்நகரைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர்; அவர்களுடன் உரோம ஒல்லாந்தச் சட்டமும் வந்தது. 1796 இல் ஆங்கிலேயர் இந்நகரைப் பெற்றனர். ஒல்லாந்தர் காலத்திருந்த சட்டங்களே தொடர்ந்து நடைபெறும் என 1799 ஆம் ஆண்டின் பிரகடனத்தால் அவர்கள் உறுதி செய்தனர். ஆகவே, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையிற் குடியேறிய தமிழர் ஒருவரை ஆதன உரிமையில் 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை தொடரக்கூடும். ஆனால் ஒப்பந்தப் பிழையிலும் உடலுக்கு நேர்ந்த தீங்கிலும் அவர் உரோமரின் நெறியையே நாட வேண்டியவராகின்றார்.

அந்நெறி இவ்வினாவிற்கு வியத்தகு அணிமையில் நிற்கின்றது. யுஸ்தினியன் பேரரசன் 533 ஆம் ஆண்டில் வெளியிட்ட சட்டத் தொகுப்பில், உல்பியன் என்னும் சட்ட அறிஞர் ஓர் எடுத்துக்காட்டை ஆராய்கின்றார். மணியொன்று பதிப்பதற்கோ செதுக்குவதற்கோ கம்மியனிடம் கொடுக்கப்பட்டு உடைந்து விடுகின்றது. உடைவு மணியின் குற்றத்தால் நேர்ந்ததாயின் கம்மியன்மீது வழக்கில்லை. அவனது திறமையின்மையால் நேர்ந்ததாயின் வழக்குண்டு. இதற்கு அடிப்படையைச் செல்சசு என்பாரின் கருத்தாக அவரே பிறிதோரிடத்துத் தருகின்றார்: ஒரு பணியைக் கலைஞனாக ஏற்றவன் அக்கலைக்குரிய திறமையையும் உடன் ஏற்றவனாகின்றான்; ஆதலால் திறமையின்மையும் கவனக்குறைவைப் போன்றே குற்றமாம். இரத்தினத்திற்குப் பெயர் பெற்ற இலங்கையில் இவ்வெடுத்துக்காட்டு விளக்கம் வேண்டாதது. மணியினும் அரியது மனித உடல் என்பதே ஈண்டுச் சேர்க்கத்தக்கது.

இந்நெறியைப் பச்சை எழுத்தின்மேற் பொருத்துங்கால் மூன்று நிலைகள் தோன்றும். முதலாவது, பொறிப்பிக்க வந்தவர் தாமே பிழையாக எழுதிக் கொடுத்து, கலைஞர் அதனை வரிபிறழாமற் பொறித்தல். ஈண்டுக் கலைஞர் ஒப்பிய பணியை முடித்தவரே. அது மணியின் குற்றம் போன்றது. இரண்டாவது, சரியாக எழுதிக் கொடுத்ததைக் கலைஞர் பிழையாகப் பொறித்தல். பொறுப்பு அவருடையதே என்பதில் ஐயமில்லை. மூன்றாவதே சிக்கலானது. சொல் வாய்மொழியாகக் கூறப்படுகின்றது; தமிழறியாத கலைஞர் அதனைக் கணினியில் அமைக்கின்றார்; எழுத்துரு பொருந்தாமையால் கொம்பும் காலும் இடம் மாறுகின்றன; வரைபடம் காட்டப்பட, வந்தவரும் பாராமல் தலையசைக்கின்றார்.

தமிழ் அறியேன் என்பது கலைஞருக்கு விடுதலை ஆகுமா? தமிழ் எழுத்துப் பொறிக்கப்படும் என விளம்பரம் செய்து பணியை ஏற்றவர், செல்சசு கூறியவாறு, அவ்வெழுத்தை அறியும் கடனையும் ஏற்றவரே எனலாம். மாறாக, தாம் மொழி அறியாமையை முன்னரே வெளிப்படக் கூறி, எழுத்தைச் சரிபார்க்குமாறு வேண்டியவர், வரைதற் பணியை மட்டுமே ஏற்றவராவார். பாராமல் தலையசைத்தவருக்கும் பிழையிற் பங்குண்டு. பழைய நெறி அத்தகையவர் வழக்கை முற்றும் தடுக்கக்கூடியதாயிருந்தது. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இக்கடுமையைத் தளர்த்தி, இருவர் குற்றத்தின் அளவிற்கேற்ப இழப்பீட்டைப் பங்கிட வழி செய்தது.

பொறிப்பதற்கு முன்னர் கையொப்பம் வாங்கும் விலக்குப் பத்திரமும் முழுக் கவசமன்று. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம், கவனக்குறைவின் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகங்களுக்கு எல்லை வகுத்தது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சேவை வழங்குவோரிடம் உரிய கவனத்தையும் திறமையையும் எதிர்பார்க்கின்றது. எனினும் பாதிக்கப்பட்டவர் காலம் தாழ்த்தலாகாது. 1871 ஆம் ஆண்டின் காலவதியாதற் சட்டப்படி, தீங்குக்கான வழக்கிற்கு 2 ஆண்டும், எழுதாத ஒப்பந்த வழக்கிற்கு 3 ஆண்டும், எழுதிய ஒப்பந்த வழக்கிற்கு 6 ஆண்டுமே எல்லை. எழுத்து வாழ்நாளளவும் நிற்பது. உரிமையோ சில ஆண்டே நிற்பது.

எழுத்துப் பிழை தனியார்க்கு மட்டும் உரியதன்று. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை நிறுவி, முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரத்தை அதற்கு அளித்தது. அதன் பின்னரும் பொதுப் பலகைகளிற் பிழைபட்ட தமிழ் தோன்றுதலை இந்நகரத்தார் கண்டுள்ளனர். பலகையைக் கழற்றிப் புதிது மாட்டலாம். தோலைக் கழற்ற இயலாது. ஆயினும் இரண்டிற்கும் வேர் ஒன்றே. பிறர் மொழியை எழுத ஏற்பவன், அதனை அறிந்தாரிடம் ஒருமுறை காட்டிக் கேட்கும் பணிவின்மையே அவ்வேராகும்.

கல்வெட்டிலும் செப்பேட்டிலும் எழுதினோர், இது தம் எழுத்தென இறுதியில் ஒப்பமிட்ட மரபு நம்முடையது. பிழைக்குப் பின்னர் வழங்கும் இழப்பீடு பணத்தை மீட்குமேயன்றித் தோளை மீட்காது. எழுதுவோனும் எழுதுவிப்போனும் ஊசி தோலைத் தொடுமுன் ஓரெழுத்தையும் விடாது படித்துப் பார்த்தலே சட்டம் அனைத்தினும் சிறந்த காவலாம்.