தவளை சொன்ன செய்தி

அலவத்துகொடவில் சிங்கள வைத்தியர் ஒருவரிடம் 'ஏகவேரிய' என்று சொன்னால் போதும். மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. வடமொழியார் அதனைச் சர்ப்பகந்தா என்றனர். பாம்புக் கடிக்கும் உறக்கமின்மைக்கும் சித்தப் பிரமைக்கும் அதன் வேரைக் கொடுத்தனர். மூலிகைதானே, தீங்கில்லை என்று சொல்வோர் இந்தப் பக்கத்தில் இன்றும் உண்டு. அவர்களை எண்ணியே அந்த வேரின் வரலாற்றில் ஒரு பகுதியை நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

டில்லியில் ஹக்கீம் அஜ்மல்கான் என்றொரு யூனானி மருத்துவர் இருந்தார். 1921இல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கியவர். அதே ஆண்டில் காந்தியடிகளைக் கொண்டு திப்பியாக் கல்லூரியைத் திறப்பித்தவர். பழைய மருந்துகளைப் புதிய விஞ்ஞானத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய அவா. தன் மரபில் மெய்யான நம்பிக்கை உள்ளவருக்கே அந்தத் துணிவு வரும் என்று நான் நினைப்பதுண்டு. ஜெர்மனியில் இரசாயனம் பயின்ற சலீமுஸ்ஸமான் சித்தீக்கியை இப்பணிக்கு அவர் தேர்ந்தார். ஆனால் 1927 டிசம்பரில் ஹக்கீம் காலமானார்.

சித்தீக்கி பணியைக் கைவிடவில்லை. 1931இல் அவரும் ரபாத் ஹுசைன் சித்தீக்கியும் அந்த வேரிலிருந்து ஐந்து அற்கலோயிட்டுகளைப் பிரித்தெடுத்தனர். ஒன்றுக்கு அஜ்மலீன் என்று பெயர் வைத்தனர். மறைந்த ஹக்கீமுக்கு அவர்கள் செய்த மரியாதை அது.

பிரித்தெடுத்த பொருள் உடம்பில் என்ன செய்யும்? அதைத் தவளைகளிடம் கேட்டார்கள். தவளையின் இதயம் உடலைவிட்டு வெளியே எடுத்த பின்னும் உப்புக் கரைசலில் நெடுநேரம் துடிக்கும். ஆய்வாளர் அதனை விரும்பியது அதனாலேயே, கொடிய விருப்பந்தான். அஜ்மலீன் வகைப் பொருள்கள் தவளையின் இதயத்தையும் சுவாசத்தையும் நரம்புகளையும் தணித்தன. சர்ப்பென்டைன் வகையோ சுவாசத்தை முடக்கியது, இதயத்தைத் தூண்டியது. ஒரே வேருக்குள் எதிரெதிரான இரு குணங்கள்! தலைமுறை தலைமுறையாக அதனை இடித்துக் கொடுத்த கைகளுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

1956இல் அரோரா, மதன் என்னும் இந்திய ஆய்வாளர் இருவர், இதயத்தின் தாளப் பிழையை அஜ்மலீன் அடக்குகின்றது என்று எழுதினர். இத்தகைய சோதனைக்கு முதலில் நல்ல இதயம் ஒன்றைக் கெடுக்க வேண்டும். பெரும்பாலும் நாய்களே அதற்கு அகப்பட்டன. மயக்கத்தில் கிடக்கும் நாயின் நெஞ்சைத் திறப்பர். வத்சநாபி இனத்துச் செடியின் நஞ்சான அக்கொனிட்டினை இதயத்தின் மேலறையில் இடுவர். அல்லது இதயத்துக்கு இரத்தம் ஊட்டும் நாடியைக் கட்டுவர். துடிப்புத் தாளம் தப்பி ஓடும். பின்பு மருந்தைச் செலுத்தி, தாளம் திரும்புகின்றதா என்று பார்ப்பர். நஞ்சும் செடியிலிருந்து, மருந்தும் செடியிலிருந்து. நடுவில் கிடந்தது வாயில்லாச் சீவன்.

விலங்கின் இதயம் சொன்னது மனிதருக்கு முழுவதும் பொருந்துமா என்றால், அதுவும் இல்லை. என்கெயினைட், ஃபிளெகெயினைட் என்னும் இரு மருந்துகள் மாரடைப்புக்குத் தப்பியோரின் தாளப் பிழைகளை அழகாக அடக்கின. அமெரிக்காவில் 1991இல் வெளிவந்த ஆய்வின்படி, அவற்றை உண்ட 755 பேரில் 63 பேர் இறந்தனர். மருந்தில்லாத மாத்திரை உண்ட 743 பேரில் 26 பேரே இறந்தனர். தாளம் திருந்தியது, உயிர் போயிற்று. அஜ்மலீனும் அவ்விரண்டைப் போல இதயக் கலங்களின் சோடிய வழியை அடைப்பதுதான்.

ஆகவே இன்று அதன் வேலை வேறு. புருகாடா சகோதரர் 1992இல் விவரித்த இதயநோய் ஒன்றுண்டு. திடகாத்திரமான இளைஞர் உறக்கத்திலேயே இறந்துபோவர். அவ்வாறு இறந்தவரின் உடன்பிறந்தாருக்கு அந்நோய் மறைந்திருக்கின்றதா என்றறிய, ஐரோப்பிய வைத்தியசாலைகளில் அஜ்மலீனை நாளத்தில் ஏற்றுகின்றனர். உயிர்காக்கும் கருவிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதயத்தின் மின்வரைபை விட்டுக் கண்ணெடுக்காமல் மருத்துவர் நிற்பார். வரைபில் நோயின் அடையாளம் தெரிந்தவுடனே ஊசி நிறுத்தப்படும்.